முதுசொம் வீடும் மரணசாதன நிறைவேற்றுநரும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. ஞாயிறு எழும் திசையில் உள்ள கரையை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் திசையில் உள்ள கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் தென்னஞ்சோலைகளும் நெருங்கிய ஊர்களும் உள்ளன. படுவான்கரையில் பரந்த வயல்களும் குளங்களும் உள்ளன. தொழிலாலும் நிலத்தாலும் வேறுபட்ட இவ்விரு கரைகளுக்கும் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. வீடு பெண்ணுக்கு உரியது என்பதே அது.

மகள் பருவமெய்திய நாள்தொட்டுத் தந்தையும் தமையன்மாரும் அவளுக்கென ஒரு வீட்டைக் கட்டத் தொடங்குவர். மூத்தவள் மணமாகிக் கணவனுடன் தாய்மனையில் வாழ்வாள். பின்னர்ப் பெற்றோர் எஞ்சிய பிள்ளைகளோடு அதே வளவிலோ அயல் வளவிலோ வேறொரு வீட்டுக்குப் பெயர்வர். அடுத்தவளுக்கு மணமாகும்போது அவ்வீடும் அவளுக்குச் சீதனமாகும். இவ்வாறு வீடுவீடாகப் பெயர்ந்து, ஈற்றில் இளைய மகளோடு வாழும் வீட்டிலேயே பெற்றோர் கண்ணை மூடுவர். சீதன உறுதி எழுதப்பெற்ற வீடுகளைப் பற்றி வழக்கு எழுவது அரிது. வழக்கு எழுவது இந்தக் கடைசி வீட்டைப் பற்றியேயாம். ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்னும் பழமொழி அப்போதுதான் பொருள் விளங்கி நிற்கும்.

இத்தகைய வீடு ஒன்றைப் பற்றி உடன்பிறந்தார் ஒருமனப்படாதவிடத்து, இறந்தவரின் மரணசாதனத்தை நிறைவேற்றும் பொறுப்பினை ஏற்றவர் செய்யவேண்டுவன யாவை, செய்யத்தகாதன யாவை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

எந்தச் சட்டம் ஆளும்?

நிறைவேற்றுநர் முதலில் அறியவேண்டுவது, இறந்தவரின் ஆதனத்தை எந்தச் சட்டம் ஆளுகின்றது என்பதாகும். இலங்கையில் உரித்துரிமைச் சட்டங்கள் பல. வடமாகாணத் தமிழர்க்குரிய தேசவழமை, 1706, 1707 ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பெற்றது. முஸ்லிம்களின் உரித்துரிமையை 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆளுகின்றது. ஆதலின், ஆரையம்பதியில் உள்ள தமிழ்க் குடும்பத்துக்கும் அதற்கு அடுத்துள்ள காத்தான்குடியில் வாழும் முஸ்லிம் குடும்பத்துக்கும், பெண்ணுக்கே வீடு கொடுக்கும் வழக்கம் ஒன்றாயிருப்பினும், மரணசாதனம் இல்லாதவிடத்துப் பங்கு கணக்கிடும் முறை வேறாகும்.

மட்டக்களப்புத் தமிழர்க்கும் ஒருகாலத்தில் தனிவழமை இருந்தது. முக்குவர் சட்டம் என்று அது பெயர் பெற்றது. கிறித்தோபர் பிறிற்றோ அதனை ஆராய்ந்து 1876 இல் நூலாக்கினார். அவ்வழமைப்படி முன்னோரிடமிருந்து வந்த முதுசொம் தாய்வழியே செல்லும். ஆடவன் ஒருவனின் முதுசொம் அவன் மக்களுக்கன்றி அவன் சகோதரியின் மக்களுக்குச் சேரும். தன் முயற்சியால் ஈட்டிய தேடிய தேட்டம் இதனின் வேறாகக் கருதப்பட்டது. ஆயின் அதே 1876 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டம், கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டோர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோரை மட்டுமே விலக்கியது. மட்டக்களப்பார் விலக்கப்படவில்லை. ஆகவே முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் வலுவிழந்தது. பொதுச்சட்டமே இன்று மட்டக்களப்புத் தமிழரை ஆளுகின்றது.

சட்டம் மாறினும் மக்களின் உணர்வு மாறவில்லை. தாய்வழிக் குடிமுறை கோயில்களில் இன்றும் நிலவுகின்றது. பெண்மக்களுக்கு உரித்தாய் வந்ததைச் சீதனம் என்னும் பெயரால் பெற்றோர் தம் வாழ்நாளிலேயே கொடுத்துவிடுகின்றனர். இவ்வாறு வழக்கம் ஒன்று சொல்ல, ஏட்டிலுள்ள சட்டம் வேறொன்று சொல்வதனாலேயே கடைசி வீடு பிணக்குக்கு உரியதாகின்றது. இளையவள், ‘வழக்கப்படி இது எனது வீடு’ என்பாள். தமையன், ‘சட்டப்படி எனக்கும் பங்குண்டு’ என்பான். இருவரும் கூறுவது உண்மையே. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையில் நிற்பவரே நிறைவேற்றுநர்.

நிறைவேற்றுநர் நிலை

வாவிக்கரைக் கோயில்களில் வண்ணக்கர் என்னும் பதவியினர் உளர். குடியினால் தெரிந்தெடுக்கப்பட்டுக் கோயிலின் நகையையும் நிலத்தையும் வருவாயையும் காக்கும் பொறுப்பு அவர்களுடையது. கோயிற் பெட்டகத்தின் திறவுகோல் வண்ணக்கர் கையில் இருப்பினும், பெட்டகத்துள் உள்ள பொருள் அவருடையதன்று. மரணசாதன நிறைவேற்றுநரின் நிலையும் இத்தகையதே. அவர் சொத்தின் தலைவர் அல்லர்; காவலர். இறந்தவரின் கடனையும் விருப்பத்தையும் நிறைவேற்றி, உரியதை உரியவரிடம் ஒப்படைத்து, கணக்குக் காட்டி விலகுவதே அவர் கடமை.

இறந்தவர் மரணசாதனம் எழுதாவிடின் நிறைவேற்றுநர் இல்லை; நீதிமன்றம் ஒரு நிருவாகியை நியமிக்கும். அந்நியமனத்தில் கணவனுக்கோ மனைவிக்கோ முதலுரிமை உண்டு. இருவர் கடமைகளும் பெரும்பாலும் ஒன்றே. இவற்றை 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விரித்துக் கூறுகின்றது.

முதற் கடமை, மரணசாதனத்தை நீதிமன்றில் வெளிப்படுத்துவதாகும். தம் கையில் மரணசாதனம் உள்ளவர் அதனை மறைத்துவைத்தல் கூடாது. குடும்பத்தார் கலங்கியிருக்கின்றனர் என்றோ, படித்தால் சண்டை மூளும் என்றோ காலந்தாழ்த்துவது நற்செயல் போலத் தோன்றும். அதன் பயன் ஐயமேயாகும். அடுத்து, அது முறைப்படி எழுதப்பட்டதா என்று நோக்குதல் வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாதனம் நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடப்படல் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் ஒருங்கே முன்னிலையில் இருத்தல் வேண்டும். மரணப் படுக்கையில் தாய் சொன்ன சொல், எத்துணை உண்மையாயினும், காணியைக் கைமாற்றாது.

நீதிமன்றம் வழங்கும் பத்திரம், மக்கள் வழக்கில் புறோபேற் எனப்படுவது, கைக்கு வருமுன் சொத்தை விற்பதோ பகிர்வதோ தகாது. ஆயின் காப்பது தகும். கூரை ஒழுகின் ஓடு மாற்றுதல், வேலியடைத்தல், ஆதனவரி செலுத்துதல், உறுதிகளையும் நகைகளையும் பூட்டிவைத்துப் பட்டியல் எழுதுதல் என்பன காக்கும் செயல்கள். உரிமை எதுவுமின்றித் தாமே முன்வந்து இறந்தவரின் சொத்தில் கைவைக்கும் உறவினர், அச்செயலாலேயே பொறுப்புக்கு உள்ளாவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எதை எழுதிவைக்க இயலும்?

இலங்கையில் 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மரணசாதனம் எழுதுவோருக்கு முழு உரிமை வழங்கியது. உரோமன் டச்சுச் சட்டத்தில் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கட்டாயப் பங்கு அதனால் ஒழிந்தது. பெற்றோர் தம் சொத்து முழுவதையும் ஒரு பிள்ளைக்கே எழுதிவைக்கலாம். ஆனால், தம்முடையது எதுவோ அதனை மட்டுமே எழுதிவைக்கலாம். கடைசி வீட்டைப் பற்றிய பிணக்குகள் பல இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தைக் கொள்க. மூத்த மகள் சீதன வீட்டில் வாழ்கிறாள். இரு மைந்தர், ஒருவர் கடல் கடந்து வாழ்பவர். இளையவள் தாயைப் பேணிக் கடைசி வீட்டில் இருப்பவள். வீட்டின் உறுதி தந்தை பெயரில் உள்ளது. தந்தை மரணசாதனம் எழுதாமல் இறந்தார். பல்லாண்டு கழித்துத் தாய், ‘வீடு முழுவதும் இளைய மகளுக்கு’ என்று எழுதிவைத்து இறந்தார். இளையவளும் அயலவரும் வீடு அவளுடையதே என்று எண்ணுவர். கணக்கோ வேறு. 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி தந்தை இறந்த அன்றே வீட்டின் அரைப்பங்கு தாய்க்கும், மற்ற அரைப்பங்கு நான்கு பிள்ளைகளுக்கும் சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒன்று. தாய் எழுதிவைக்க இயன்றது அவருடைய அரைப்பங்கை மட்டுமே. ஆகவே இளையவளின் பங்கு, தாய்வழி வந்த எட்டில் நான்கும் தந்தைவழி வந்த எட்டில் ஒன்றுமாக, எட்டில் ஐந்து. ஏனைய மூவருக்கும் எட்டில் ஒவ்வொன்று உண்டு.

நிறைவேற்றுநர் இதனைத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் ஒருங்கே உரைத்தல் வேண்டும். இளையவள்மீது இரக்கங்கொண்டு மறைப்பின், பின்னாளில் அவள் வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ முற்படும்போது குறை வெளிப்படும். அன்று அவளுக்கு நேரும் இடர், இன்று உண்மை உரைப்பதால் உண்டாகும் வருத்தத்தினும் பெரிது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தாய் அதே மரணசாதனத்தில் தமக்கே உரிய வயலை மைந்தர்க்கு எழுதிவைத்திருப்பின், அம்மைந்தர் வயலை ஏற்றுக்கொண்டு, வீட்டில் தமக்குள்ள பங்கையும் விடேன் எனல் கூடுமா? ஒருவர் தமக்குரிய பொருளையும் சேர்த்து எழுதப்பட்ட மரணசாதனத்தின் பயனை ஏற்க விரும்பின், அதன் சுமையையும் ஏற்றல் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் கொள்கை. இத்தெரிவினை அவர்கள் அறிந்து செய்யும்படி நிறைவேற்றுநர் எடுத்துரைப்பாராயின், வழக்கின்றியே பிணக்குத் தீர்தல் கூடும்.

சீதனமும் சேர்த்தெண்ணலும்

‘மூத்த அக்காவுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, அவளுக்கு இனி என்ன பங்கு?’ என்ற கேள்வி பெரும்பாலும் எழும். தேசவழமை மரபில், சீதனம் பெற்ற மகள் பெற்றோர் உரித்தினின்றும் நீங்கினவள் ஆவாள். மட்டக்களப்பை ஆளும் பொதுச்சட்டத்தில் அவ்வாறில்லை. சீதனம் பெற்றவளும் உரித்தாளியே. ஆயின் நீதியை நிறுத்துதற்கு வேறொரு வழி வகுக்கப்பட்டுள்ளது. 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி, பெற்றோரிடமிருந்து திருமணத்தின்போதோ வாழ்க்கையில் நிலைபெறும் பொருட்டோ மற்றவரினும் மிகுதியாகப் பெற்ற பிள்ளை, உடன்பிறந்தாரோடு உரித்துப் பெற வரும்போது, பெற்றதனைப் பொதுத்தொகையோடு சேர்த்தெண்ண வேண்டும். சேர்க்க வேண்டுவதில்லை என்று பெற்றோர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ விடுவித்தமை மெய்ப்பிக்கப்படின் மட்டும் விலக்கு உண்டு.

கணக்கால் விளக்குவது எளிது. மரணசாதனமின்றி இறந்த தந்தையின் சொத்தில் பிள்ளைகளுக்குரிய அரைப்பங்கின் பெறுமதி 24 இலட்சம் ரூபா என்க. மூத்தவள் தந்தையிடம் பெற்ற சீதனத்தின் பெறுமதி 8 இலட்சம் என்க. இரண்டையும் கூட்டின் 32 இலட்சம். நால்வருக்கும் தலைக்கு 8 இலட்சம். மூத்தவள் தன் பங்கை முன்னரே பெற்றுவிட்டாள். எஞ்சிய 24 இலட்சம் மற்ற மூவருக்கும் ஒவ்வோர் 8 இலட்சமாகும். சீதனம் இதனினும் மிகுதியாயின், அவள் உரித்தை விட்டு ஒதுங்கித் தான் பெற்றதனோடு அமையலாம்.

இவ்விதி பெண்களுக்கு மட்டும் உரியதன்று. மைந்தனுக்குக் கடை வைக்கவோ வெளிநாடு செல்லவோ தந்தை அளித்த பெருந்தொகையும், அவனை வாழ்வில் நிலைநிறுத்தக் கொடுத்ததாயின், சேர்த்தெண்ணப்படத்தக்கது. சகோதரியின் சீதனத்தை மட்டும் நினைவில் வைத்துத் தமது பயணச் செலவை மறப்பார் உளர். நிறைவேற்றுநர் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுதல் வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கடல் கடந்த மைந்தர் அனுப்பிய பணத்தால் வீட்டின் முன்விறாந்தையும் மேல்மாடியும் எழுந்திருக்கலாம். அப்பணம் பெற்றோர்க்கு அன்பால் அளித்ததா, கடனா, தம் பங்கான மனையைச் செப்பனிட்டதா என்பது ஆராயத்தக்கது. கூட்டுரிமையாளர் ஒருவர் செய்த திருத்தங்களுக்கு ஈடு கோரச் சட்டம் இடந்தருகின்றது. ஆயின் சான்று வேண்டும். வங்கிச் சீட்டு, கட்டடக்காரரின் பற்றுச்சீட்டு, அக்காலத்துக் கடிதம் முதலியவற்றை நிறைவேற்றுநர் கேட்டுப்பெற்று, அவற்றின் படியை எதிர்த்தரப்பாருக்கும் காட்டுதல் முறை.

பட்டியலும் கடனும்

நிறைவேற்றுநர் இறந்தவரின் அசையும் அசையாத ஆதனங்கள் அனைத்தையும் பெறுமதியோடு பட்டியலிட்டு நீதிமன்றில் அளித்தல் வேண்டும். மதிப்பீட்டாளரைத் தாமே தெரியாது, உடன்பிறந்தார் எல்லாரும் ஏற்கும் ஒருவரைத் தெரிதல் நன்று. பின்னர் ஈமச் செலவும் கடன்களும் தீர்க்கப்படல் வேண்டும். கடன் தீருமுன் பங்கில்லை. இறந்தவரின் சொத்து உரித்தாளரைச் சேர்வது அவர் கடனுக்கு உட்பட்டே என்பதனை இலங்கை நீதிமன்றங்கள் பலகாலும் வலியுறுத்தியுள்ளன.

பட்டியலிடும்போது உறுதிக்காணி எது, அரசகாணி எது என்று பிரித்தறிதல் இன்றியமையாதது. படுவான்கரையில் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உத்தரவுப்பத்திரம் பெற்ற காணிகள் உள. அவை ஏனைய முதுசொம்போலப் பகிரப்படுவனவல்ல. குறிக்கப்பட்ட பின்னுரித்தாளரையே சேர்வன. பின்னுரித்தாளர் குறிக்கப்படாதவிடத்து ஆண்மக்களுக்கு முதன்மை தந்த வரிசை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றப்பட்டது. இத்தகைய காணியைப் பொதுச் சொத்தாக எண்ணிப் பங்கு பேசிவிட்டுப் பின்னர் இல்லை என அறிவது பெரும் மனக்கசப்பை விளைக்கும்.

உறுதிகள் கிடையாமையும் இப்பகுதியில் ஓர் இடராகும். 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியும், நீண்ட போரின் இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கல்லடி, நாவலடி முதலிய கரையோர ஊர்களை வாரிய ஆழிப்பேரலையும் பல வீடுகளை ஏடுகளோடு அழித்தன. எனினும் நொத்தாரிசு தாம் நிறைவேற்றும் உறுதியின் இரட்டைப்படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் சட்டம். ஆகவே வீட்டிலிருந்த உறுதி அழிந்தமை உரிமை அழிந்தமை ஆகாது. பதிவகத்திற் படி பெறலாம். ஆழிப்பேரலைக்குப்பின் எழுந்த புதுவீடுகள் பல, குடும்பத் தலைவர் என்னும் முறையால், கணவன் பெயரில் வழங்கப்பட்டன. அழிந்த வீடு மனைவியின் சீதனம். எழுந்த வீடு கணவன் பெயரில். கணவன் இறப்பின் அவ்வீட்டுக்கு அவன் மரணசாதனமோ பொதுச்சட்டமோ ஆளும் என்பதால், தாய்வழி வந்த வீடு வேறு வழி செல்லக்கூடும். நிறைவேற்றுநர் பத்திரத்தின் பெயரை மட்டும் நோக்காது அதன் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

பிணக்கு முற்றியவிடத்து

உடன்பிறந்தார் ஒருவரோடொருவர் பேசாத நிலையில் நிறைவேற்றுநர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கம் சிலவாகும். ஒருவருக்கு அறிவிப்பதனை எல்லாருக்கும் அன்றே எழுத்தில் அறிவித்தல். வாய்மொழியாய் ஒருவர் வீட்டில் இருந்து மற்றவர் வீட்டுக்குச் சொல் கடத்தாதிருத்தல். இறந்தவர் பணத்தைத் தம் பணத்தோடு கலவாது தனிக்கணக்கில் வைத்தல். ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டுப் பெறுதல். நிறைவேற்றுநர் தாமே உடன்பிறந்தாருள் ஒருவராயின் இவை இருமடங்கு இன்றியமையாதன. அவர் தம் பெயரிலோ மனைவி மக்கள் பெயரிலோ அச்சொத்தை வாங்குதல் தகாது. நல்ல விலை கொடுப்பினும், விற்பவரும் வாங்குபவரும் ஒருவராயிருப்பது நம்பிக்கைக் கடமைக்கு முரணாகும். அவ்விற்பனை நீதிமன்றில் நீக்கப்படக்கூடியது.

மரணசாதனம் வீட்டை ஒருவருக்குத் தெளிவாக எழுதிவைத்திருப்பின், மற்றவர் மனவருத்தம் கருதி நிறைவேற்றுநர் அதனைத் திருத்த இயலாது. தம் கருத்தில் அது நேரிதன்று எனினும் நிறைவேற்றுதலே கடமை. மரணசாதனமே போலியென்றோ, தாயை வற்புறுத்திப் பெற்றதென்றோ ஒருவர் கூறின், அது நீதிமன்றில் தீர்க்கப்பட வேண்டியது. அதுகாறும் நிறைவேற்றுநர் எதனையும் கைமாற்றாது நிற்றல் வேண்டும்.

வீடு பலருக்குப் பொதுவாய் வரின், பிணக்கைத் தீர்ப்பதற்கென நிறைவேற்றுநர் தம் விருப்பால் விற்றுவிடல் ஆகாது. கடன் தீர்க்கவோ, மரணசாதனம் ஏவியதாலோ, நீதிமன்றம் அனுமதித்ததாலோ அன்றி விற்க அவர்க்கு இடமில்லை. அங்கு வாழும் இளையவளை வெளியேற்றித் தருக என்று மற்றவர் வற்புறுத்தினும், அவளும் கூட்டுரிமையாளி ஆதலின், அவ்வாறு செய்தல் தகாது.

உடன்பாடே முதல்வழி. வீட்டில் வாழ்பவள் மற்றவர் பங்கை விலைகொடுத்து வாங்கலாம். தவணை முறையிற் கொடுக்கலாம். ஒருவர் வயலையும் மற்றவர் வீட்டையும் மாற்றிக்கொள்ளலாம். வளவு பெரிதாயின் அளந்து பிரிக்கலாம். ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. விறாந்தையில் இருந்து பெரியோர் முன்னிலையில் ஒப்பமிட்ட தாள், மனத்தை இணைக்கும், மனையைக் கைமாற்றாது. நொத்தாரிசு முன் உறுதியாக நிறைவேறினாலன்றி உடன்பாடு காணியைப் பிணிக்காது. ‘அண்ணன் விட்டுத்தந்தார்’ என்ற சொல்லை நம்பியிருந்தவள், அண்ணன் இறந்தபின் அவர் பிள்ளைகளோடு வழக்காட நேர்வது இதனாலேயே.

உடன்பாடு இயலாவிடின் கூட்டுரிமையாளர் எவரும் பிரிவிடல் வழக்குத் தொடுக்கலாம். பொதுவுரிமையில் விருப்பமின்றி எவரும் பிணைக்கப்படார் என்பது சட்டத்தின் அடிப்படை. 1863 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், 1951 ஆம் ஆண்டுச் சட்டம் என்பவற்றின் வழிவந்த 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் இன்று ஆளுகின்றது. நில அளவையாளர் அளந்து, ஒவ்வொருவர் பங்கும் தீர்மானிக்கப்பட்டு, பிரிக்க இயலாதாயின் விற்பனைக்குக் கட்டளை பிறக்கும். சிறுவளவில் நிற்கும் ஒரே வீட்டை எட்டாகப் பிரித்தல் அரிது. ஆதலின் வழக்கின் முடிவு பெரும்பாலும் விற்பனையேயாம். பல்லாண்டு நீளக்கூடிய வழக்கின் செலவும் வீட்டின் விலையிலிருந்தே போகும் என்பதனை நிறைவேற்றுநர் முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டின், பிடிவாதம் தளர்தலும் உண்டு.

பத்தாண்டு ஆட்சி

‘பத்தாண்டு இருந்தேன், வீடு என்னுடையது’ என்னும் கூற்றும் வாவிக்கரையிற் கேட்கப்படுவதே. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிறரது உரிமைக்கு மாறாகப் பத்தாண்டு இடையறாது ஆண்டவர்க்கு உரிமை வழங்குவது மெய்யே. ஆயின் உடன்பிறந்தார்க்கிடையே அது எளிதிற் பொருந்தாது. இதனை நிறுவியது கொறயா எதிர் அப்புகாமி வழக்கு. எலியாஸ் என்பவர் மரணசாதனமின்றி இறக்க, அவர் சகோதரரான இசேரிஸ் அப்புகாமி அவர் காணிகளைப் பல்லாண்டு தாமே ஆண்டார். ஏனைய உரித்தாளரின் பங்கை வாங்கிய கொறயா வழக்குத் தொடுத்தார். 1911 இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம், கூட்டுரித்தாளர் ஒருவரின் ஆட்சி மற்றவர் அனைவரின் ஆட்சியாகவே கருதப்படும் என்றும், மனத்துள் மறைத்துவைத்த எண்ணத்தால் அதனை மாற்றவியலாது என்றும், மற்றவரை வெளிப்படையாக விலக்கிய செயல் வேண்டும் என்றும் தீர்த்தது. 1918 இல் திலகரத்தின எதிர் பஸ்தியன் வழக்கு, மிக நீண்டகாலம் வேறு விளக்கத்துக்கு இடமின்றித் தனித்து ஆண்டவிடத்து அத்தகைய விலக்குதலை உய்த்துணரலாம் என ஒரு வாயிலைத் திறந்தது.

இவ்விரு தீர்ப்புகளும் இரு பாலார்க்கும் அறிவுரையாம். வீட்டில் வாழும் சகோதரி, வாழ்ந்தமையாலேயே முழு உரிமை பெற்றேன் என்று நம்புதல் கூடாது. தொலைவில் வாழும் சகோதரன், தன் பங்கு என்றும் அழியாது என்று வாளாவிருத்தலும் கூடாது. போரினால் ஊரைவிட்டு நீங்கித் தம் உரிமையை நாடமுடியாதிருந்தோர் பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை ஆட்சிக் கணக்கிற் சேராது விலக்க, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் குறித்த நிபந்தனைகளுடன் வழிசெய்தது. இடம்பெயர்ந்த உரித்தாளர் உள்ள குடும்பத்தில் நிறைவேற்றுநர் இதனையும் ஆராய்தல் கடன்.

கணக்கும் விடுதலையும்

பத்திரம் பெற்ற நாளிலிருந்து 12 மாதங்களுள், அல்லது நீதிமன்றம் நீட்டித்த காலத்துள், நிறைவேற்றுநர் இறுதிக் கணக்கை அளித்தல் வேண்டும். தவறின் உரித்தாளர் நீதிமன்றை நாடிக் கணக்குக் கேட்கலாம். தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் வழங்கிய பத்திரத்தை மீளப்பெற்று நீக்கவும் வல்லது. இறுதிக் கணக்கு நிறைவேற்றுநர்க்குச் சுமையன்று, அவருக்குக் காப்பு. உடன்பிறந்தார் ஒப்பமிட்டு ஏற்ற கணக்கின்மேல் பின்னாளில் ஐயம் நில்லாது.

இராமகாதையில் பரதன் நிலை இதற்கு ஒப்பாகும். ஆட்சி தன் கையில் வந்தும் அதனைத் தனதென்று கொள்ளாது, தமையனின் பாதுகையை அரியணையில் வைத்து, பதினான்கு ஆண்டு நந்திக்கிராமத்தில் இருந்து காத்தான். பரதனின் துறவைப் போற்றுவார் பலர். அவன் கணக்குக் காட்டியதை நினைப்பார் சிலரே. இராமன் மீண்டபோது, கருவூலமும் களஞ்சியமும் பதின்மடங்கு பெருகியுள்ளன, பார்த்தருள்க என்று பரதன் ஒப்படைத்ததாக வான்மீகி கூறுவார். அன்புள்ள உடன்பிறந்தாரிடையேயும் கணக்கு வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கடைசி வீடு தாய் வாழ்ந்த வீடு. அங்கே அடுக்களையும் கிணற்றடியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான நினைவுகள். சுவர்களைப் பங்கிட அளவையாளர் உளர். நினைவைப் பங்கிட எவரும் இலர். நிறைவேற்றுநர் தம் கடமையைத் தாழ்வின்றிச் செய்வாராயின், வீடு யார் பெயரில் நின்றாலும், திருவிழா நாளில் உடன்பிறந்தார் அதன் வாயிலை மிதிக்க இயலும். பெற்றோர் உறுதியில் எழுதாது விட்டுச் செல்லும் முதுசொம் அதுவேயாகும்.